முன்சீற் காலடியில் ஈரம்: ஏசித் தண்ணியா, ஹீற்றரா?

கல்லடி வாத்தியார் | டிசம்பர் 3, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1993 கொரோலா, ஏஈ100, 1500 சிசி பெற்றோல். என் கைக்கு வந்து பதினொரு வருடம். போன கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இடதுபக்க முன்சீற்றில் இருந்த மகன் "அப்பா, சப்பாத்து நனையுது" என்றான். கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் இருக்கும் பஞ்சு பிழியும் அளவுக்கு ஊறிப்போய்க் கிடக்கிறது. மாரிமழை தொடங்கிவிட்டது, கதவு ரப்பர் வழியாக வந்திருக்கும் என்று நினைத்து, வெயில் எறித்த ஒரு நாள் முழுக்க நாலு கதவையும் திறந்து காயவிட்டேன். இரண்டே நாளில் பழையபடி.

இன்னும் இரண்டு விஷயம். காலையில் முன்கண்ணாடி உட்பக்கம் மங்கிக் கிடக்கிறது. துணியால் துடைத்தால் போகாமல் எண்ணெய் பூசிய மாதிரி இழுபடுகிறது. அப்புறம் ரேடியேற்றரின் ரிசேர்வ் போத்தலில் கிழமைக்கு ஒரு தேநீர்க் கோப்பை அளவு குறைகிறது. வண்டி நிற்கும் சீமெந்துத் தரையிலோ ஒரு சொட்டும் இல்லை.

ஒரு கராஜில் காட்டினேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "டாஷ்போட் கழற்ற வேணும், மூன்று நாள் விட்டுட்டுப் போங்க" என்றார். முப்பது வருடத்து பிளாஸ்ரிக். கழற்றினால் எத்தனை துண்டாகத் திரும்பி வருமோ தெரியாது. கழற்றாமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

ஊறணிப் பொடியன் | டிசம்பர் 3, இரவு 9.05

சேர், இது ஏசி டிரெயின் அடைப்பு. நூற்றுக்கு நூறு. நம்மட ஊர்ப் புழுக்கத்தில் ஏசி போட்டால் லீற்றர் கணக்கில் தண்ணி வடியும். அது வெளியே போகும் ரப்பர்க் குழாய் மண்ணால் அடைபட்டால் தண்ணி உள்ளேதான் இறங்கும். வண்டியை உயர்த்தி, முன் இடதுபக்கம் ஃபயர்வோலுக்கு (எஞ்சினுக்கும் காலடிக்கும் நடுவில் நிற்கும் தகடு) வெளியே தொங்கும் குட்டிக் குழாயை மெல்லிய கம்பியால் குத்திவிடுங்க. செலவில்லாத வேலை.

செங்கலடிச் சந்தி | டிசம்பர் 3, இரவு 9.31

ஏசியாக இருந்தால் போத்தலில் ஏன் தம்பி குறைகிறது? இது ஹீற்றர் கோர் ஒழுக்கு, எஞ்சின் தண்ணிதான் அதற்குள் ஓடுகிறது. எஞ்சின் பக்கம் ஃபயர்வோலுக்குள் போகும் இரண்டு ஹோஸையும் கழற்றி ஒன்றோடொன்று பூட்டிவிட்டால் கதை முடிந்தது. கால் மணித்தியால வேலை. மட்டக்களப்பு வெயிலில் ஹீற்றர் எதற்கு? சித்திரையில் வண்டிக்குள் முட்டை அவிக்கலாம்.

கல்முனைப் பழைய பாஸ் | டிசம்பர் 4, காலை 6.15

இரண்டு பேரும் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஆனால் பார்க்க முதலே கத்தியை எடுக்கிறீர்கள். காருக்குள் வரும் தண்ணி மூன்று சாதி: மழைத்தண்ணி, ஏசித்தண்ணி, எஞ்சின்தண்ணி. எது என்று தெரியாமல் ஸ்குரூட்ரைவரைத் தொடக் கூடாது.

மழைத்தண்ணி என்றால் மழை பெய்த அன்றுதான் வரும். வைப்பருக்குக் கீழே இருக்கும் தட்டியில் வேப்பிலை நிறைந்து வடிகால் அடைபட்டாலும், கண்ணாடி ரப்பர் வெடித்தாலும் உள்ளே இறங்கும். வண்டியை நிறுத்தி, கண்ணாடியின் அடியில் ஒரு வாளித் தண்ணியை மெதுவாக ஊற்றி, உள்ளே ஒருவரை ரோச்லைற்றோடு குந்தவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஏசித்தண்ணிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஏசி போட்டு ஓடிய பிறகுதான் வரும். அநேகமான ஜப்பான் வண்டிகளில் புளோவர் இடதுபக்கம், அதற்கு அடுத்து ஏசியின் குளிர்ப்பெட்டி, நடுவில் ஹீற்றர். அதனால் ஏசித்தண்ணி இடதுபக்கக் காலடியோடு நின்றுவிடும். ஹீற்றர் தண்ணி நடு மேட்டின் ஓரமாக இறங்கும், சில நேரம் சாரதியின் அக்சிலேற்றர்க் கால் பக்கமும் போகும்.

எஞ்சின்தண்ணி பிசுபிசுக்கும். கூலன்ட் (ரேடியேற்றர் தண்ணியோடு கலக்கும் திரவம்) கலந்திருந்தால் பச்சையோ சிவப்போ தெரியும், பாணி காய்ச்சும்போது வருகிற மாதிரி ஒரு இனிப்பு வாசம் அடிக்கும். அந்தக் கண்ணாடி மங்கல் அதுதான் என்பது என் எண்ணம். சூட்டில் ஆவியாகிற கூலன்ட் காற்றோடு வந்து கண்ணாடியில் படியும், தண்ணீர் மாதிரிப் பறந்துபோகாது.

செய்யவேண்டியது இதுதான். ஒரு வெள்ளை ரிசுத்தாள் எடுத்து, கார்ப்பெட்டில் அழுத்தி, நிழலில் காயவையுங்கள். ஏசித்தண்ணி என்றால் காய்ந்து வெறும் தாள் ஆகிவிடும். கூலன்ட் என்றால் நாளைக்கும் வழுக்கும், நிறம் நிற்கும். நாக்கில் வைத்துப் பார்க்கிற பழைய மெக்கானிக் பாஸ்மார் இருந்தார்கள். அந்த வேலை வேண்டாம். கூலன்டில் இருக்கும் எதிலீன் கிளைக்கோல் இனிக்கும், ஆனால் சிறுநீரகத்தைக் கொன்றுவிடும். நாய், பூனை இருக்கிற வீடு என்றால் ஒழுகின இடத்தை உடனே கழுவுங்க.

கல்லடி வாத்தியார் | டிசம்பர் 5, மாலை 5.50

பொடியன் சொன்னபடி டிரெயின் குழாயைக் குத்தினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. கம்பியைத் திருகி இழுத்தபோது கறுத்த மண் உருண்டை ஒன்று விழுந்தது, பின்னாலேயே ஒரு பெரிய கிளாஸ் அளவு தண்ணி கொட்டி என் சட்டைக் கையை நனைத்தது. தெளிந்த தண்ணி, மணம் இல்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறேன். பொடியனுக்கு ஒரு தேநீர் கடன்.

ஊறணிப் பொடியன் | டிசம்பர் 5, மாலை 6.02

சொன்னேன் தானே!

கல்முனைப் பழைய பாஸ் | டிசம்பர் 5, இரவு 8.20

நல்லது சேர். ஆனால் ரிசேர்வ் போத்தலில் இன்றைய மட்டத்துக்கு ஒரு மார்க்கர்க் கோடு போட்டு வையுங்க. ஏசிக்கும் அந்தப் போத்தலுக்கும் சம்பந்தமே இல்லை.

கல்லடி வாத்தியார் | டிசம்பர் 9, காலை 7.10

பாஸ் சொன்னது சரி. நாலு நாள் ஏசி போடவே இல்லை. கோட்டில் இருந்து ஒரு விரல் அகலம் குறைந்திருக்கிறது. இடதுபக்கக் காலடி முன்பைவிடக் குறைவுதான், ஆனால் நடு மேட்டின் ஓரம் நனைந்திருக்கிறது. ரிசு வைத்தேன். நேற்று மாலை அழுத்தியது இன்றைக்கும் காயவில்லை. வெளிர் பச்சை வட்டம் விழுந்திருக்கிறது, விரலில் தேய்த்தால் கிளிசரின் மாதிரி.

ஆக இரண்டு நோயும் ஒரே நேரத்தில் இருந்திருக்கிறது.

ஒரு சந்தேகம். பதினொரு வருடத்தில் நான் ஹீற்றரை ஐந்து தடவைகூடப் போட்டதில்லை. பாவிக்காத சாமான் எப்படி உடைந்தது?

கல்முனைப் பழைய பாஸ் | டிசம்பர் 9, மதியம் 1.30

பாவிக்காததால்தான் சேர்.

ஹீற்றர் கோர் என்பது டாஷ்போட்டுக்குள் குந்தியிருக்கிற குட்டி ரேடியேற்றர், பள்ளிக்கூடக் கொப்பி அளவு. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் இருந்து சூடான தண்ணி ஒரு ஹோஸால் போகும், மற்ற ஹோஸால் பம்புக்குத் திரும்பும். சில வண்டிகளில் போகும் வழியில் ஒரு வால்வு இருக்கும். சூட்டை மூடி வைத்தால் அது அடைக்கும். ஆனால் அடைப்பது ஒரு பக்கத்தைத்தான். திரும்பும் ஹோஸ் திறந்தே கிடக்கும், அதனால் எஞ்சினில் என்ன அழுத்தமோ அது கோருக்குள்ளும் இருக்கும். அழுத்தம் உண்டு, ஓட்டம் இல்லை. வருடக்கணக்கில் நின்ற தண்ணியில் துருவும் உப்பும் அடியில் படிந்து உலோகத்தைத் தின்னும்.

இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். ரேடியேற்றருக்கு என்ன தண்ணி ஊற்றுகிறீர்கள்?

கல்லடி வாத்தியார் | டிசம்பர் 9, மதியம் 2.05

கூலன்ட் போத்தல் ஒன்று வாங்கி ஊற்றியது மூன்று வருடத்துக்கு முன். அதற்குப் பிறகு குறைந்தபோதெல்லாம் வீட்டுக் கிணற்றுத் தண்ணிதான்.

கல்முனைப் பழைய பாஸ் | டிசம்பர் 9, மதியம் 2.20

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் மணல். அந்தக் கிணற்றில் குளித்தால் தலைமுடி பிசுபிசுக்குமே, அதே உப்புத்தான் வண்டிக்குள்ளும் போகிறது. ஆறிய தேநீர்க் கேத்தலுக்குள் வெள்ளைப் படலம் பார்த்திருப்பீர்கள். அது 90 பாகையில் நாள்முழுக்கச் சூடேறி நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்க.

நம்மட கரையோர வண்டிகளில் ரேடியேற்றர், ஹீற்றர் கோர், வோட்டர் பம்ப் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதற்கு என் அனுபவத்தில் முதல் காரணம் கிணற்றுத் தண்ணிதான். அம்பாறைப் பக்கம் உட்புற ஊர் வண்டிகளில் இவ்வளவு பார்ப்பதில்லை.

அம்பாறை வீதி | டிசம்பர் 9, மாலை 4.45

எங்கள் பக்கம் உப்பு குறைவு, ஆனால் சுண்ணாம்பு உண்டு பாஸ். ரேடியேற்றர் மூடியை ஆறின பிறகு கழற்றினால் உள் விளிம்பில் வெள்ளையாகப் பொருக்கு நிற்கும். மழைத்தண்ணி பிடித்து ஊற்றலாமா?

கல்முனைப் பழைய பாஸ் | டிசம்பர் 9, மாலை 5.10

உங்கள் பக்கம் என்றால் சுத்தமான பாத்திரத்தில் நேரடியாகப் பிடித்த மழைத்தண்ணி பரவாயில்லை. கடற்கரை வீட்டுக் கூரையில் விழுந்தது வேண்டாம், ஓட்டில் கடற்காற்றின் உப்புப் படிந்திருக்கும். எதற்கு வம்பு? பற்றரிக் கடையில் விற்கிற வடித்த தண்ணியை வாங்குங்க. அசிட் போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள், அதையும் ஒருவர் செய்தார்.

செங்கலடிச் சந்தி | டிசம்பர் 9, இரவு 9.00

இவ்வளவு பேச்சு எதற்கு? நான் முதல் நாளே சொன்னேன், இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று பூட்டுகிற பைபாஸ். என்னுடைய சன்னிக் காரில் ஆறு வருடமாக அப்படித்தான் ஓடுகிறது.

பசறை மலைக்காரன் | டிசம்பர் 10, காலை 8.15

சந்தி அண்ணன், நீங்கள் செங்கலடியிலேயே நின்றுகொண்டு சொல்கிறீர்கள். உங்கள் ஊரில் தொடங்கும் அதே ஏ5 வீதி மகா ஓயா, பிபிலை தாண்டி எங்கள் பக்கம் ஏறி வருகிறதே, அதில் ஒரு மார்கழி விடியற்காலை வந்து பாருங்கள். லுணுகலைக்கு மேலே மூடுபனி இறங்கினால் போனெற்றின் நுனி தெரியாது. அந்த நேரம் கண்ணாடியைத் தெளியவைக்கிறது ஹீற்றர் காற்றுத்தான். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே இரவில் ஹீற்றர் இல்லாத வண்டியில் இருந்தால் பல் அடிக்கும்.

செங்கலடிச் சந்தி | டிசம்பர் 10, காலை 8.40

ஏசி போட்டால் கண்ணாடி தெளியும்.

பசறை மலைக்காரன் | டிசம்பர் 10, காலை 9.05

தெளியும், ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும் என்பது உண்மை. ஆனால் சூடும் சேர்ந்தால் அரை நிமிடத்தில் முடிகிற வேலை, குளிர் மட்டும் என்றால் நேரம் எடுக்கும். அதோடு அவ்வளவு குளிர்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். கண்ணாடி மிகவும் குளிர்ந்தால் வெளிப்பக்கம் வேர்க்கவும் தொடங்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏற்றத்தில் வெப்பமானி முள் சிவப்பை நோக்கிப் போனால் நாங்கள் முதலில் செய்வது ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டிலும் முழுக் காற்றிலும் போடுவது. இரண்டாவது ரேடியேற்றர் மாதிரி வேலை செய்து எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இறக்கும். வண்டிக்குள் இருக்கிறவனுக்கு வேர்த்துக் கொட்டும், ஆனால் ஹெட் தப்பும்.

கல்லடி வாத்தியார் | டிசம்பர் 10, மாலை 4.00

என் மகள் பண்டாரவளையில் வேலை செய்கிறாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த வீதியால்தான் போகிறோம். மலைக்காரன் சொன்னது என் வயிற்றைக் கலக்குகிறது.

வாழைச்சேனை டொல்பின் | டிசம்பர் 10, இரவு 7.30

ஒழுக்கு அடைக்கும் பவுடர் போத்தலில் வருகிறதே, அதை ஊற்றிப் பார்த்தீர்களா? எங்கள் வானில் ஒருமுறை மகா ஓயாச் சந்தியில் ரேடியேற்றர் ஒழுகி, கடைக்காரம்மாவிடம் மஞ்சள்தூள் வாங்கிப் போட்டு மட்டக்களப்பு வரை வந்து சேர்ந்தோம்.

காத்தான்குடிக் காக்கா | டிசம்பர் 10, இரவு 8.50

மஞ்சள்தூளை மீனுக்குப் போடுங்க தம்பி!

நான் உதிரிப்பாகக் கடையில் இருபது வருடம். அந்தப் பவுடருக்கு ஓட்டை எது, நல்ல குழாய் எது என்று தெரியாது. ஒடுங்கின இடம் எங்கே இருந்தாலும் போய் உட்காரும். ஹீற்றர் கோரின் குழாய்கள் மெல்லியவை, ரேடியேற்றருடையதும் அப்படித்தான். ஒரு ஊசித்துளையை அடைக்கப்போய் பாதி ரேடியேற்றரை அடைத்துக்கொண்டு, பிறகு சூடேறுது என்று வருகிறவர்களுக்கு நான் ரேடியேற்றர் விற்றிருக்கிறேன். நடுக்காட்டில் வீடு வந்து சேரவேண்டிய அவசரத்துக்குப் போட்டால் போடுங்க. வந்த மறுநாள் முழுதாகக் கழுவ வேண்டும்.

சேர், முதலில் பிரெஷர் டெஸ்ற் செய்யுங்க. சைக்கிள் பம்ப் மாதிரி ஒன்று, மீற்றரோடு வரும். ரேடியேற்றர் கடைகளில் வைத்திருப்பார்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களை நான் கண்டிருக்கிறேன், அந்த மூடி அடைத்து வைத்திருக்கும் அழுத்தத்தில் தண்ணி 100 பாகை தாண்டியும் கொதிக்காமல் பதுங்கி நிற்கும், திறந்த கணமே சீறும். மூடியில் அது தாங்கும் அழுத்தம் 0.9 என்றோ 1.1 என்றோ அடித்திருக்கும். அந்த அளவுக்கு மட்டும் பம்ப் அடித்து இருபது நிமிடம் விடுங்க. முள் இறங்கினால் எங்கோ போகிறது. வெளியே ஹோஸ், பம்ப், ரேடியேற்றர் எல்லாம் காய்ந்திருந்து, உள்ளே காலடிக் காற்றுவழியில் சொட்டினால் ஹீற்றர்தான்.

உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை, முள் மட்டும் இறங்குகிறது என்றால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் காஸ்கெற் தகட்டை நினைத்துப் பயப்பட வேண்டும். அது வேறு கதை.

கல்லடி வாத்தியார் | டிசம்பர் 14, மாலை 6.30

நேற்று ரேடியேற்றர் கடையில் டெஸ்ற் செய்தோம். மூடியில் 0.9. பம்ப் அடித்த ஐந்து நிமிடத்திலேயே முள் 0.7க்கு வந்தது. கடைப் பையன் தரையில் மல்லாந்து படுத்து, டாஷ்போட்டுக்கு அடியில் தலையை விட்டு, "சேர், சத்தம் போடாதீங்க" என்றான். எல்லோரும் மூச்சை அடக்கினோம். மெல்லிய "ஸ்ஸ்" என்ற ஒலி எனக்கே கேட்டது. கைபேசி வெளிச்சத்தில் பார்த்தபோது ஹீற்றர்ப் பெட்டியின் அடி மூலையில் பச்சைத் துளி ஒன்று திரண்டு, கனத்து, விழுந்தது. பதினொரு வருடம் ஓடிய வண்டியில் இப்படி ஒரு இடம் இருப்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

இப்போதைக்கு அங்கேயே பைபாஸ் செய்துவிட்டான். சந்தி அண்ணனுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

செங்கலடிச் சந்தி | டிசம்பர் 14, மாலை 6.41

ஓம், மிகவும்.

கல்முனைப் பழைய பாஸ் | டிசம்பர் 14, இரவு 8.00

பைபாஸ் எப்படிச் செய்தான் என்று பார்த்தீர்களா? இரண்டு முனையிலும் ஆப்பு அடித்து அடைத்தானா, அல்லது ஒன்றோடொன்று சேர்த்தானா? சேர்ப்பதுதான் சரி. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும்வரை ரேடியேற்றர் வழியை அடைத்து வைக்கும் வால்வு) மூடியிருக்கிற நேரம் தண்ணி சுற்றிவருவதற்கு இந்த வழியும் தேவை. அடைத்துவிட்டால் ஹெட்டில் ஒரு மூலை மட்டும் சூடாகும், சென்சருக்குச் சரியான சூடு தெரியாது.

ஹோஸும் ஹீற்றர் ஹோஸாக இருக்க வேண்டும். பூக்கன்றுக்குத் தண்ணி விடுகிற ஹோஸைப் பூட்டி, ஓட்டமாவடி தாண்டுவதற்குள் வெடித்த வண்டியை நான் கட்டி இழுத்திருக்கிறேன். வளைவில் மடியவும் கூடாது.

கல்லடி வாத்தியார் | டிசம்பர் 14, இரவு 8.25

பித்தளைத் துண்டு வைத்து இரண்டு ஹோஸையும் சேர்த்திருக்கிறான், இரண்டு கிளிப். ஹோஸ் 5/8 அங்குலம் என்றான்.

கல்லடி வாத்தியார் | டிசம்பர் 22, காலை 9.00

எட்டு நாள். மார்க்கர்க் கோட்டில் இருந்து மயிரளவும் இறங்கவில்லை. ஆக நோய் உறுதி. விடுமுறையும் வந்துவிட்டது. தை மாதம் பண்டாரவளை போக வேண்டும், அதனால் கோரைக் கழற்றிச் செய்வது என்று முடிவெடுத்துவிட்டேன். காக்கா, புதுக் கோர் கிடைக்குமா?

காத்தான்குடிக் காக்கா | டிசம்பர் 22, காலை 10.20

புதுசு கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கலாம். ஆனால் அவசரப்படாதீர்கள். முதலில் உங்களுடையதைக் கழற்றி, எதனால் செய்தது என்று பாருங்க. செம்பு, பித்தளை என்றால் ஈயம் வைத்து ஒட்டலாம், பழைய ரேடியேற்றர்க் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். அலுமினியக் கோரில் பிளாஸ்ரிக் தொட்டி நெரித்திருந்தால் ஒட்டுவது நிலைக்காது, மாற்றத்தான் வேண்டும். பழைய வண்டியில் கழற்றியது வாங்குவதென்றால் காசு கொடுக்க முதல் தண்ணி வாளியில் அமிழ்த்தி, ஒரு முனையை விரலால் அடைத்து, மற்றதில் காற்று விட்டுப் பாருங்க. குமிழி வந்தால் கடைக்காரனுக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்க, நானாக இருந்தாலும்.

கல்முனைப் பழைய பாஸ் | டிசம்பர் 22, இரவு 7.45

கழற்றுகிறவருக்கு இதை வாசித்துக் காட்டுங்க. பற்றரி மைனஸ் முதலில். ஃபயர்வோல் பக்கம் ஹோஸ் ஒட்டிப்போயிருந்தால் முறுக்கி இழுக்கக் கூடாது, கோரின் குழாய் முறியும். ஹோஸைக் கத்தியால் கீறி உரிக்க வேண்டும், ஹோஸின் விலை சின்னது. டாஷ்போட்டில் எந்த ஸ்குரூ எங்கே என்று முட்டைத் தட்டில் வரிசையாகப் போட்டு, கழற்றக் கழற்றப் படம் எடுங்க. ஏசிக் குளிர்ப்பெட்டியை அசைக்காமல் எடுக்கப் பாருங்க. அசைத்தால் காஸ் ஏற்றும் செலவும் சேரும். கோரைச் சுற்றியிருக்கும் பஞ்சுப் பட்டி உதிர்ந்திருக்கும், புதிது ஒட்டாவிட்டால் ஏசிக் காற்று பாதி அந்த இடைவெளியால் போய்விடும்.

இன்னொரு வேலை, யாரும் செய்வதில்லை. மல்ரிமீற்றரின் கறுப்பு முனையை பற்றரி மைனஸில் வைத்து, சிவப்பு முனையை ரேடியேற்றர் தண்ணியில், உலோகத்தில் முட்டாமல் தொங்கவிடுங்க. லைற், புளோவர், ஹோர்ன் எல்லாம் போட்டுப் பாருங்க. 0.3 வோல்ற்றுக்கு மேலே காட்டினால் மின்சாரம் தண்ணி வழியாக ஓடுகிறது, அல்லது கூலன்ட் செத்துவிட்டது. அப்படி விட்டால் புதுக் கோரும் அரித்துப் போகும்.

கல்லடி வாத்தியார் | டிசம்பர் 29, இரவு 10.10

வேலை முடிந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பிறகு யாருக்காவது உதவும்.

முதலில் வோல்ற் அளந்தேன். சும்மா நின்றபோது 0.2. லைற்றும் புளோவரும் போட்டதும் 0.46. பாஸுக்குப் படம் அனுப்பினேன், "எஞ்சினுக்கும் வண்டியின் பொடிக்கும் நடுவில் இருக்கிற ஏர்த் வயரைத் தேடுங்க" என்றார். பற்றரிக்குக் கீழே இருந்தது. போல்ற்றைச் சுற்றி நீலப் பச்சையாகப் பூத்து, கையால் தொட்டதும் பின்னல் கம்பியில் பாதி தூளாகக் கொட்டியது. வீட்டில் இருந்து கடற்கரை ஐந்நூறு மீற்றர், வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? புது வயர் போட்டு, இடத்தை அரத்தாளால் தேய்த்துக் கிரீஸ் பூசிய பிறகு லைற் போட்டாலும் போடாவிட்டாலும் 0.2தான்.

டாஷ்போட்டைக் கழற்ற ஒன்றரை நாள். அந்த முதல் கராஜ் இல்லை, வேறு ஒருவர், பொறுமைசாலி. மூன்று கொளுக்கி உடைந்தது, அதற்குமேல் இல்லை. கோர் வெளியே வந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். செம்பு. கீழ்த்தொட்டி பொருந்தும் ஓரத்தில் விரல் நீளத்துக்குப் பச்சைப் பூஞ்சணம் மாதிரிப் படிந்து, நடுவில் ஒரு ஊசித்துளை. கவிழ்த்தபோது குழாயில் இருந்து தேநீர் மண்டி மாதிரி செந்நிறச் சேறு வந்தது. என் கிணற்றுத் தண்ணியும் துருவும்.

ரேடியேற்றர்க் கடைக்காரர் அசிட்டில் கழுவி, பழைய ஈயத்தை எடுத்து, அந்த ஓரம் முழுவதையும் புதிதாக ஒட்டினார். வாளியில் அமிழ்த்தினபோது இன்னும் ஒரு மூலையில் சீரகம் அளவு குமிழி. திரும்ப ஒட்டினார். மூன்றாவது தடவை தண்ணி அசையாமல் நின்றது. இரண்டு ஹீற்றர் ஹோஸும் புதிது. வடித்த தண்ணியில் பாதிக்குப் பாதி கூலன்ட், முன்பு பச்சை, இப்போது சிவப்பு. அதற்கு முன் வடித்த தண்ணி மட்டும் ஊற்றி மூன்று தரம் ஓடவைத்துக் கழுவினோம். நிறம் கலந்தால் சில நேரம் களி மாதிரி ஆகும் என்று காக்கா பயமுறுத்தியிருந்தார்.

ஊறணிப் பொடியன் | டிசம்பர் 29, இரவு 10.30

தண்ணிக்குள் அடைபட்ட காற்றை எடுத்தீர்களா சேர்? என் நண்பன் எடுக்காமல் ஓடி, முள் மேலே போவதும் கீழே விழுவதுமாகப் பயந்துபோனான்.

கல்லடி வாத்தியார் | டிசம்பர் 30, காலை 6.50

எடுத்தோம். முன்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும் என்றார்கள். கல்லடியில் ஏற்றத்துக்கு எங்கே போவது? பாலத்துக்கு ஏறும் இடத்தில் நிறுத்தினால் பொலிஸ் வரும். கடைசியில் வீட்டு முற்றத்தில் பலகை போட்டு முன்சில்லை ஏற்றினோம். ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டோம். கொப்பளித்துக் கொப்பளித்துக் குறைந்தது, ஊற்றினோம், திரும்பக் குறைந்தது. மேல் ஹோஸ் கைவைக்க முடியாமல் சுட்ட பிறகு அடங்கியது. மார்கழி வெக்கையில் ஹீற்றரும் போட்டு உள்ளே இருந்த மகன் இறங்கி ஓடிவிட்டான்.

பசறை மலைக்காரன் | டிசம்பர் 30, காலை 7.30

இனி மாதம் ஒருதடவை ஐந்து நிமிடம் ஹீற்றரைப் போடுங்கள். தண்ணி ஓடட்டும், வால்வும் இறுகாது.

அம்பாறை வீதி | டிசம்பர் 30, காலை 8.10

கார்ப்பெட் என்ன ஆனது? எங்கள் வண்டியில் ஒரு வருடத்துக்கு மணம் போகவில்லை.

கல்லடி வாத்தியார் | டிசம்பர் 30, மாலை 5.20

அதுதான் டாஷ்போட்டைவிடப் பெரிய வேலை. கிளைக்கோல் தானாகக் காயாது. கார்ப்பெட்டையும் அடிப்பஞ்சையும் முழுதாகக் கழற்றி, சுடுதண்ணியும் சவர்க்காரத்தூளும் போட்டு நாலு முறை மிதித்துக் கழுவினோம். முதல் தண்ணி நுரையே வராமல் வழுவழுவென்று ஓடியது. பக்கத்து வீட்டு நாய் நக்கிவிடும் என்று கேற்றைப் பூட்டிவைத்து, அந்தத் தண்ணியைக் கழிப்பறைக்குள் ஊற்றினோம். மழை இடைவிட்ட மூன்று நாள் மதிலில் போட்டுக் காயவைத்தது. தரைத்தகட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு தொடங்கியிருந்தது. தேய்த்து, துருத்தடுப்புப் பெயின்ற் அடித்த பிறகே கார்ப்பெட் போட்டேன். கண்ணாடியைப் பாத்திரம் கழுவும் சோப்பும் வினாகிரியுமாக இரண்டு தரம் துடைத்ததும் அந்த எண்ணெய்ப் படலம் போனது.

செங்கலடிச் சந்தி | ஜனவரி 19, இரவு 9.15

சேர், பண்டாரவளை போனீர்களா?

கல்லடி வாத்தியார் | ஜனவரி 20, காலை 6.30

போனோம். பசறைக்கு முன்னால் நல்ல மூடுபனி, ஹீற்றர் போட்டேன், கண்ணாடி அடியில் இருந்து மேலே விசிறி மாதிரித் தெளிந்துகொண்டு வந்தது. போத்தலில் கோடு கோட்டிலேயே நிற்கிறது. மனைவிக்குத்தான் குறை, வண்டிக்குள் இப்போது சவர்க்கார வாசமாம்.

வாழைச்சேனை டொல்பின் | ஜனவரி 20, மாலை 7.05

இதை வாசித்துவிட்டு எங்கள் வானுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பின்சீற் ஹீற்றருக்குப் போகிற இரும்புக் குழாய் இரண்டும் சில்லுக்குப் பக்கத்தில் துருவேறி, நகத்தால் சுரண்டினால் பொருக்குக் கழன்று விழுகிறது. ஒரு இடம் ஈரமாக இருக்கிறது. பின் ஹீற்றரை நாங்கள் பாவிப்பதே இல்லை. முன்னாலேயே பிரித்துச் சேர்த்துவிடலாமா?

கல்முனைப் பழைய பாஸ் | ஜனவரி 20, இரவு 8.10

பின்னாலது என்றால் சேர்க்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. சந்தி தம்பிக்கும் ஒரு வெற்றி. முன் ஹீற்றருக்கும் பின்னுக்கும் பிரிகிற இடத்தைப் படம் எடுத்துப் போடுங்க, எந்த ஹோஸ் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பிபிலைப் பக்கம் ஹயர் ஓடாதீர்கள்.